மேட்டூர் தண்ணி மாதிரி சாவுக் கணக்கையும் உள்ளபடி சொல்லுங்க

அடுத்த பெருந்தொற்று வந்தா தெனம் சாயங்காலம் டிவில உக்காந்து நம்பர் வாசிக்கப்போற அய்யா அம்மா எல்லாருக்கும், எந்தக் கட்சி ஆட்சியா இருந்தாலும் சரி, நீடாமங்கலம் பக்கத்துலேர்ந்து எழுதிக்கிறது.

எங்க ஊரு டீக்கடைல பேப்பர் வந்ததும் மொதல்ல பாக்கறது மேட்டூர் நீர்மட்டம்தான். எத்தன அடி, வரத்து எவ்ளோ, தொறந்துவிட்டது எவ்ளோ. 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம், வழக்கமா தொறக்கற ஜூன் 12-ல டேம் தொறக்கவே இல்ல, அப்பக்கூட அந்த நம்பர எவனும் பொய்யின்னு சொன்னதில்ல, ஏன்னா தண்ணி இல்லன்னா இல்லன்னுதான் போட்டீங்க, நாங்களும் திட்டிக்கிட்டே குறுவைய விட்டுட்டு சம்பாவுக்கு நின்னோம். கெட்ட சேதியச் சொன்னா சனம் மெரண்டுபோயிடும்னு யாரு உங்களுக்குச் சொன்னது?

கொரோனாவுல மட்டும் ஏங்க வேற மாதிரி பேசுனீங்க? 2020 ஏப்ரல் நடுவுல அப்ப முதல்வரா இருந்த பழனிசாமி இது பணக்காரங்க வெளிநாட்லேர்ந்து கொண்டாந்த நோய்னாரு, ரெண்டு மூணு நாள்ல கேஸ் ஜீரோவாயிடும்னாரு. ஆனது என்னன்னு தெரியும். ஜூலைல சென்னைல கணக்குல வராம விட்ட 444 சாவ மொத்தமா சேத்தீங்க. மறைக்காம சேத்தது நல்ல காரியம்தான், நான் கொற சொல்லல, ஆனா டீக்கடைல பேச்சு எப்படிப் போச்சுன்னா, தலைநகரத்துலயே இவ்ளோ விட்டுப்போச்சுன்னா நம்ம ஊர்ல எவ்ளோ இருக்கும்னு. நடுவுல டெல்லி தப்லீக் ஜமாஅத் கூட்டத்துக்குப் போய்ட்டு வந்த முஸ்லிம்கள வெச்சு, 'சிங்கிள் சோர்ஸ்', அதாவது ஒரே எடத்துலேர்ந்து பரவுனதுன்னு தெனம் ஒரு வார்த்த வாசிச்சீங்க பாருங்க, கூத்தாநல்லூர்லேர்ந்து வருஷக்கணக்கா எங்க தெருவுக்கு துணி கொண்டுவர்ற பாய் வண்டிய ஊரு எல்லையிலயே நிறுத்திட்டாங்க எங்க ஆளுங்க. அந்த அசிங்கம் எங்களுது, ஆனா வார்த்த உங்களுது.

2021 மார்ச் 7-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தன் தொற்று கடைசிக் கட்டத்துக்கு வந்தாச்சுன்னாரு. இங்க தேர்தல். வேன் வேனா ஆள் ஏத்துனீங்க, எல்லா கட்சியும்தான், மேடைல பாதிப்பேர் மூஞ்சில மாஸ்க் இல்ல, அதே வாரம் மன்னார்குடி ரோட்ல என்னய நிறுத்தி மாஸ்க் போடலன்னு 200 ரூபா பில்லு. இதப் பாத்துட்டு ஒருத்தன் கொரோனாவே டூப்புன்னு சொன்னா அவன மட்டும் முட்டாள்னு சொல்ல எனக்கு மனசு வரல.

எங்க பெரியப்பாவும் அப்படித்தான் சொன்னாரு. 63 வயசு, சுகர் வேற. ஏப்ரல் 15 நடிகர் விவேக் ஊசி போட்டாரு, 17-ம் தேதி எறந்துட்டாரு. ஊசிக்கும் அந்த சாவுக்கும் சம்பந்தமில்லன்னு மத்திய அரசு குழு சொல்றதுக்குள்ள அக்டோபர் வந்துடுச்சு, பெரியப்பாவுக்கு அவ்ளோ நாள் இல்ல. "ஏம்ப்பா, கஜா புயல் அடிச்சப்ப இவனுங்க எத்தன நாள் கழிச்சு எட்டிப் பாத்தானுங்க, இப்ப மட்டும் என் ஒடம்பு மேல என்ன அக்கறை"ன்னு கேட்டாரு. என்கிட்ட பதில் இல்ல. மே 21-ம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36 ஆயிரத்துக்கு மேல கேஸு, அந்த வாரம்தான் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. வெரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் 81 காட்டுச்சு, மெஷின் கோளாறுன்னு சொல்லி கழட்டி பெரியம்மா வெரல்ல மாட்டுனாரு, 97. ஒண்ணும் பேசாம மறுபடி தன் வெரல்ல மாட்டிக்கிட்டாரு.

நாலு நாள்ல போயிட்டாரு. சிடி ஸ்கேன்ல நுரையீரல் பாதிக்கு மேல வெள்ளையா இருந்துச்சு, மூக்குல எடுத்த டெஸ்ட் நெகட்டிவ், அதனால ஆஸ்பத்திரி குடுத்த பேப்பர்ல காரணம் மாரடைப்பு. பொணத்த மட்டும் பிளாஸ்டிக்ல சுத்தி, மொகத்தக்கூட காட்டாம நேரா சுடுகாட்டுக்கு அனுப்பிட்டாங்க. மாரடைப்புன்னா எதுக்குய்யா பிளாஸ்டிக்குன்னு எங்க சித்தப்பா கேட்டதுக்கு யாரும் வாயத் தொறக்கல. 2020, 21 ரெண்டு வருஷத்துல இந்தியாவுல வழக்கத்தவிட 47 லட்சம் சாவு அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் சொன்னப்ப, அரசாங்கக் கணக்கு 4.8 லட்சம்தான், கணக்குப் போட்ட முறையே தப்புன்னு டெல்லி சண்டைக்குப் போச்சு. முறை சரியா தப்பான்னு படிச்சவங்க பேசிக்கட்டும், எங்க வீட்டு ஒரு ஆளு எந்தக் கணக்குல இருக்காருன்னு சொல்லுங்க போதும்.

அப்புறம் எப்படி எங்க தெருவே ஊசி போட்டுக்கிச்சுன்னு கேப்பீங்க. ஆட்டோல மைக் கட்டிக் கத்துனதுக்கு ஒருத்தரும் வரல. கிராம சுகாதார நர்ஸம்மா திண்ணைல வந்து உக்காந்து, "எனக்கே மொத ஊசிக்கு ரெண்டு நாள் காச்சல், எந்திரிக்க முடியல, உங்களுக்கும் வரும், மாத்திரை போட்டுக்கிட்டு படுத்துக்குங்க"ன்னாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லாத ஒரே ஆளு அவங்கதான். மறுநாள் பெரியம்மாதான் வரிசைல மொத ஆளு.

அதனால கேக்கறேன், அடுத்த தடவ மாவட்டவாரியா சாவு எண்ணிக்கைய, சந்தேகச் சாவையும் தனியா போட்டு, மேட்டூர் மட்டம் மாதிரி தெனம் காலைல குடுங்க. தெரியலன்னா தெரியலன்னு போடுங்க.

சுப்ரீம் கோர்ட் சொன்னப்பறம் சிடி ஸ்கேனெல்லாம் காட்டி அலைஞ்சு 50 ஆயிரம் வாங்கிட்டோம், அது வந்துடுச்சு. ஆனா பெரியம்மா அந்த மாரடைப்பு பேப்பர ரேஷன் கார்டோட சேத்து வெச்சுக்கிட்டு, இத மட்டும் மாத்திக் குடுக்கச் சொல்லுடான்னு இன்னும் என்னய கேக்குது. ஆஸ்பத்திரில போய்க் கேட்டேன். பணந்தான் வந்துடுச்சே தம்பி, அப்பறம் எதுக்குங்கறாங்க.