மேல்தொட்டி நீரேற்றத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்பார்ந்த ஆலய உறுப்பினர்களுக்கும் தொண்டூழியர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் நீங்கள் ஒப்புதல் கொடுத்த மேல்தொட்டி வேலை நல்லபடியாக முடிந்துவிட்டது. தரைத்தொட்டியிலிருந்து கூரைக்குத் தண்ணீர் இப்போது தானாக ஏறுகிறது, தானாக நிற்கிறது. செலவு நீங்கள் அனுமதித்த தொகைக்குள் அடங்கியது. ரசீதுகளும் கணக்குத் தாள்களும் அலுவலகத்தில் உள்ளன, எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். பணத்தைப் பற்றி அவ்வளவுதான். வேலையைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

நவராத்திரி அன்னதானத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். இரண்டாம் பந்தி முடிந்து பாத்திரம் கழுவப் போனால் குழாயில் வெறும் காற்று. பம்பைப் போடும் நம் பணியாளர் அண்ணன் அன்று காய்ச்சலில் வீட்டில் இருந்தார். வேறு யாருக்கும் எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்று தெரியவில்லை. ஒருவர் ஓடிப்போய்ப் போட்டார். நிறுத்த ஆள் இல்லாமல் அரைமணி நேரம் வழிகுழாயில் நல்ல தண்ணீர் கொட்டியது. கடல்நீரைக் குடிநீராக்கியும், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துப் புதுநீர் தயாரித்தும் பாடுபட்டுத் தண்ணீர் சேர்க்கும் ஊரில், கோயில் கூரையிலிருந்து அது சாக்கடைக்குப் போனதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அண்ணன் 18 ஆண்டுகளாக இந்தத் தொட்டியைப் பார்த்துவந்தவர். அவரிடம் ஒரு மூங்கில் கம்பு உண்டு. அதில் இரண்டு இடங்களில் நூல் கட்டியிருப்பார், மேலே சிவப்பு, கீழே மஞ்சள். கூரை ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, கம்பை அடிவரை விடுவார். “மஞ்ச நூல் நனையலன்னா போடு, செவப்பு நூல் முங்கினா நிறுத்து” என்பார். வேலையைத் தொடங்கிய அன்று நாங்கள் முதலில் செய்தது அந்தக் கம்பை அளந்ததுதான். மஞ்சள் நூல் 0.9 மீட்டர், சிவப்பு 1.6 மீட்டர். இன்றைக்குக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் எண்களும் அவையே.

இந்தக் கருவியைத் தொழிற்சாலைகளில் பிஎல்சி என்பார்கள். 1968-இல் அமெரிக்காவில் டிக் மோர்லி என்பவர் யோசித்து உருவான வகை. கார் தொழிற்சாலைகளில் ரிலே எனும் மின்சுவிட்சுகளை அடுக்கி, மாடல் மாறும்போதெல்லாம் கம்பியைப் பிரித்துப் பிரித்து மாட்டிய காலத்துக்கு அதுதான் முடிவு கட்டியது. கருவி செய்வது எளிய காரியம்: உள்ளே வரும் சமிக்ஞைகளைப் படிக்கும், நாம் எழுதிய விதிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும், பம்புக்குப் போடு அல்லது நிறுத்து என்று சொல்லும். பிறகு மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லி விநாடிகள்தான், இரவு பகல் இடைவெளி கிடையாது.

விதிகளை ஏணிப் படம் போட்டு எழுதினோம். இரண்டு பக்கமும் நெட்டுக் கோடு, நடுவே படிகள், ஒரு படிக்கு ஒரு விதி. வேறு முறையில் எழுதினால் இன்னும் சுருக்கமாக முடித்திருக்கலாம். ஆனால் ஏணிப் படம் பழைய ரிலே வரைபடத்தைப் போலவே இருப்பதால், எந்த மின்பணியாளர் வந்தாலும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். எங்களுக்குப் பிறகு பொறுப்புக்கு வருபவர்கள் இதைத் திறந்து பார்த்துத் திருத்த முடிய வேண்டும்; அதற்காகவே இந்த முடிவு.

நீர்மட்டத்தை அளப்பது தொட்டியின் அடியில் கிடக்கும் அழுத்த உணரி. தண்ணீரின் கனத்தை வைத்து உயரத்தைச் சொல்லும். அது அனுப்புவது 4 முதல் 20 மில்லியாம்பியர் மின்னோட்டம்: 0 மீட்டருக்கு 4, 2.5 மீட்டருக்கு 20. அந்தக் கணக்கில் மஞ்சள் நூல் 9.76 மில்லியாம்பியர், சிவப்பு நூல் 14.24.

“தொட்டியை எப்போதும் நிறைத்தே வைத்தால் என்ன, 1.55-க்கு இறங்கியதும் போடச் சொல்லலாமே?” என்று குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நம் தொட்டியின் அடிப்பரப்பு 4 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் என்பது வெறும் 200 லிட்டர், பம்புக்கு அது ஒரு நிமிட வேலை. மடப்பள்ளியில் இரண்டு குழாய் திறந்தாலே பம்பு ஓடி நின்று, ஓடி நின்று, மோட்டார் சூடேறிவிடும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மோட்டார் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். இரண்டு நூலுக்கும் நடுவில் 70 சென்டிமீட்டர், அதாவது 2,800 லிட்டர். அண்ணன் அனுபவத்தில் விட்ட அந்த இடைவெளிதான் சரி.

முதல் ஓட்டத்திலேயே ஒரு கோளாறு. தண்ணீர் மேலிருந்து விழும் வேகத்தில் மட்டம் அலைபாய்ந்தது, அளவும் கூடவே ஆடியது. சிவப்பு நூலைத் தொடும் முன்பே பம்பு நின்றது. துளையிட்ட குழாய் ஒன்றை நிறுத்தி உணரியை அதற்குள் இறக்கினோம். அளவு தொடர்ந்து 5 விநாடி நிலைத்தால்தான் நம்பு என்று ஒரு கால எண்ணியும் சேர்த்தோம். அதோடு அடங்கியது.

பெரிய கோளாறு பிறகுதான் தெரிந்தது. சோதனைக்கு வந்த பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர், “ஒயர் கழண்டா என்ன ஆகும் அங்கிள்?” என்று கேட்டார். சரி, பார்ப்போம் என்று திருப்புளியால் உணரியின் கம்பியைக் கழற்றினோம். தொட்டி அப்போது சிவப்பு நூல் வரை நிறைந்திருந்தது. 5 விநாடி கழித்துப் பம்பு ஓடத் தொடங்கியது! மின்னோட்டம் இல்லை என்றால் 0 மீட்டர், 0 மீட்டர் என்றால் காலித் தொட்டி என்று கருவி எடுத்துக்கொண்டது. சுழியத்துக்குக் கீழே வரும் எண்ணையெல்லாம் சுழியமாக்கு என்று நாங்களே எழுதிய ஒரு வரிதான் காரணம். 1.7 மீட்டரில் தனியாக மாட்டியிருந்த மிதவை எழும்பி, பம்புக்கு மின்சாரம் தரும் பெரிய சுவிட்சான கான்டாக்டரை நேரடியாகத் துண்டித்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த மிதவை கருவியைக் கேட்காமலே வேலை செய்யும்படி தனிக் கம்பியில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் நவராத்திரி அன்று கொட்டியது மறுபடி கொட்டியிருக்கும்.

காலித் தொட்டிக்கும் 4 மில்லியாம்பியர் வர வேண்டும் என்று வைத்திருப்பதே கழன்ற கம்பியை அடையாளம் காணத்தான். அதை நாங்கள் பயன்படுத்தாமல் விட்டது எங்கள் தவறு. இப்போது 3.6-க்குக் கீழே போனால் உணரி பழுது என்று கருவி முடிவு செய்யும், அதன் சொல்லை நம்பாது. அலுவலகத்தில் சிவப்பு விளக்கு எரியும், மணி அடிக்கும். பம்பு நின்றுவிடாமல், 0.9, 1.6 மீட்டரில் மாட்டிய இரண்டு மிதவைச் சுவிட்சுகளை வைத்து ஓடும். மடப்பள்ளி காயாது. கேள்வி கேட்ட மாணவிக்குக் குழுவின் மனமார்ந்த நன்றி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். இரண்டு பம்பும் முறைவைத்து ஓடும், ஒன்று பழுதானால் மற்றது எடுத்துக்கொள்ளும். தரைத்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் இரண்டுமே நிற்கும், ஏனென்றால் தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடினால் கசிவைத் தடுக்கும் சீல் கருகிவிடும். நிறுத்து பொத்தானின் கம்பியில் எப்போதும் மின்சாரம் இருக்கும், எலி கடித்து அறுந்தாலும் பம்பு நிற்குமே தவிர ஓடாது. குடிநீர்க் குழாய் வேலையை உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரும், 400 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரும் செய்தார்கள். தொண்டூழியர்கள் எழுதியது கருவியின் நிரலை மட்டும்தான்.

ஒரு விஷயம் மட்டும் எங்களை இரண்டு வாரம் யோசிக்க வைத்தது. பம்பு 30 நிமிடம் ஓடியும் தொட்டி நிறையாவிட்டால் எங்கோ கசிவு, நிறுத்திவிடு என்று எழுதியிருந்தோம். சாதாரண நாளில் 17 நிமிடத்தில் நிறைந்துவிடும். பங்குனி உத்திரம் மாதிரி நாளில் ஒரு பக்கம் ஏற ஏற, மறுபக்கம் பத்துக் குழாய் திறந்திருக்கும். அப்போது நிறுத்தினால் பழைய கதைதான். அண்ணனைக் கேட்டோம். “விசேஷ நாள்ல நான் மஞ்ச நூலுக்கெல்லாம் காத்திருக்க மாட்டேன், ஒரு முழம் முன்னாடியே போட்டுடுவேன்” என்றார். அதையே விதியாக்கினோம். கருவி இருக்கும் பெட்டியில் ‘விழா நாள்’ என்று ஒரு சாவிச் சுவிட்சு உண்டு. அதைத் திருப்பினால் 1.3 மீட்டரிலேயே பம்பு கிளம்பும். 30 நிமிடம் தாண்டினால் மணி மட்டும் அடிக்கும், பம்பு நிற்காது.

உறுப்பினர்கள் கவனிக்க: ஆண்டுதோறும் தொட்டி கழுவும் நாளில், உள்ளே ஆள் இறங்கும் முன் பம்புகளின் முதன்மைச் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை இறங்குபவரே சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. நிரலின் ஒரு பிரதி அலுவலக அலமாரியில், இன்னொன்று செயலாளரிடம். ஏணிப் படத்தை அச்சிட்டு, ஒவ்வொரு படிக்கும் தமிழில் விளக்கம் எழுதிப் பெட்டியின் கதவுக்குள் ஒட்டியிருக்கிறோம்.

அண்ணன் இனி நாள்தோறும் கூரைக்கு ஏற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, பௌர்ணமி பூசை முடிந்த மறுநாள், உணரி சொல்வது சரியா என்று அளந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் மாதம் திரையில் 1.42 மீட்டர், கம்பில் 1.41. அந்தக் கம்பு இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்குகிறது. மழையில் நிறம் போன நூல்களை அவரே மாற்றிக் கட்டினார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு