பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பட்டாம்பூச்சிகளின் வலசையை ஆராயும் விஞ்ஞானிகளுக்காகத் தன்னார்வலர்கள் எடுக்கும் கணக்கெடுப்பில், ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் வரும் திங்கள்கிழமை முதல் சேர்கிறார்கள். இதில் உங்கள் உதவி தேவை.

"பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்டீர்கள். வட அமெரிக்காவின் மோனார்க் பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்குப் பிடிபடவில்லை. கனடாவைச் சேர்ந்த ஃபிரெட் உர்க்கர்ட்டும் அவர் மனைவி நோராவும் சிறகில் எண்ணிட்ட சிறு சீட்டை ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருவரால் ஆகிற காரியமா அது? ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் கைகொடுத்தார்கள். 1975 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில் அவை கூட்டமாகத் தங்கியிருந்த இடத்தைக் கண்டவர்களும் கென் பிரக்கர், கட்டலினா அகுவாடோ என்ற தன்னார்வலர்கள்தான். மறு ஆண்டு உர்க்கர்ட் அங்கே போயிருந்தபோது, பட்டாம்பூச்சிகளின் பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்தது. கீழே விழுந்தவற்றில் ஒன்றின் சிறகில் வெள்ளைச் சீட்டு! 2,500 கி.மீ.க்கும் அப்பால், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓர் ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஒட்டி அனுப்பியது அது.

நம் பிள்ளைகள் சீட்டு ஒட்டப்போவதில்லை. பட்டாம்பூச்சியைப் பிடிக்கவும் கூடாது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கால்மணி நேரம் நின்று பார்ப்பார்கள். வலசை போகும் பட்டாம்பூச்சி பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருக்காது. ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும். சுவர் குறுக்கிட்டால் மேலே ஏறித் தாண்டி, அதே திசையைப் பிடிக்கும். எத்தனை, எந்தத் திசை, வெயிலா மேகமூட்டமா என்பதைக் குறித்தால் போதும்.

இனி என் வேண்டுகோள். ஒன்றுமே வராத நாளில் குழந்தை முகம் வாடும். "சும்மா ரெண்டு மூணு போட்டுக்கோ" என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். அந்த நாளுக்கு 0 என்று எழுதட்டும். எந்த இனம் என்று தெரியாவிட்டால் "தெரியவில்லை" என்று எழுதட்டும். இணையத்தில் தேடி நீங்கள் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

வராததும் ஒரு தகவல் என்பதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பெயிண்டட் லேடி என்ற பட்டாம்பூச்சி ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து பிரிட்டன் வரை வருகிறது. இலையுதிர்காலத்தில் அது தெற்கே திரும்புவது அங்குள்ளவர்கள் கண்ணில் அதிகம் படவில்லை. அங்கேயே மடிந்துபோகிறது என்றுகூட எண்ணினார்கள். 2009இல் ஐரோப்பா முழுவதும் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் எழுதிய குறிப்புகளையும் ரேடார் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. அவை சராசரியாக 500 மீட்டருக்கும் மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் திரும்பிக்கொண்டிருந்தன. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

குறிப்பேட்டைப் பள்ளியே தரும். தொப்பியும் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள். மழை பெய்தால் வெளியே அனுப்ப வேண்டாம். "மழை, பார்க்கவில்லை" என்று எழுதினால் போதும். அதை 0 என்று எழுதக் கூடாது, இரண்டும் வேறு. உங்களில் யாருக்காவது பட்டாம்பூச்சிகளை இனம் காணத் தெரிந்திருந்தால், அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு அழைத்துக்கொள்வோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்