துளையைப் பார், பிறகு விலையைக் கேள்

அன்பு மகள் கயலுக்கு,

நிச்சயதார்த்தத்துக்குத் தங்க நெக்லஸ் வேண்டாம், விதையோ மரமோ முத்தோ வைத்துக் கையால் கோர்த்த மாலைதான் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு முழுச் சம்மதம். நீ அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிகள் பளபளக்கின்றன, ஆனால் ஒரு படத்திலும் துளை தெரியவில்லை. விற்பவரிடம் முதலில் துளையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல். மேல்பூச்சு எதையும் மறைக்கும். துளையின் உட்புறத்தை யாரும் பூசி முடிப்பதில்லை.

முதல் படம் முத்து. போலி முத்தில் துளையின் ஓரத்தில் பூச்சு தோலாக உரிந்திருக்கும், அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரியும். அசலில் ஓரம் கூராக, உரியாமல் இருக்கும். பல்லின் நுனியில் மெதுவாக உரசிப் பார், அசல் முத்து நெறுநெறுக்கும். வளர்ப்பு முத்து என்றால் போலி என்று நினைத்துவிடாதே, அதுவும் சிப்பிக்குள் விளைந்ததுதான். ஒவ்வொரு முத்துக்கும் இடையில் முடிச்சு இருக்கிறதா என்று பார். முடிச்சு இருந்தால் முத்தும் முத்தும் உரசாது, நூல் அறுந்தாலும் ஒன்றுதான் விழும். முடிச்சு இல்லாத முத்துமாலையைக் கைவேலை என்று சொல்லி விற்றால் அந்த விலைக்கு வாங்காதே. ஒன்று மட்டும் தெரிந்துகொள்: முத்து மிருதுவானது. வேர்வை, சென்ட், எலுமிச்சைச் சாறு எல்லாம் அதை மங்கச் செய்யும். அலங்காரம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். அடிக்கடி போட்டால் பட்டுநூல் தளரும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிக் கோர்க்க வேண்டும். தினமும் போடுவேன் என்று நீ சொன்னதால் முத்தை முழு மாலையாக எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது படத்தில் இருப்பது கருங்காலி. அதற்கு இப்போது கிராக்கி அதிகம் என்பதால் சாயம் போட்ட சாதா மரமும் அதே பேரில் விலைபோகிறது. வெள்ளைப் பஞ்சில் நகப்பாலிஷ் நீக்கியைத் தொட்டுத் துளையின் வாயில் தேய். பஞ்சு கறுத்தால் சாயமாக இருக்கலாம். துளைக்குள் வெளிறிய மரம் தெரிந்தாலும் அதே கதைதான். கருங்காலிக்குக் கனம் உண்டு, கையில் எடுத்ததும் தெரியும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இங்கே செய்த மரமணி நீ இருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், அந்த வறண்ட கோடையில் சுருங்கித் துளையிலிருந்து விரிசல் விடலாம். வாங்குவதானால் அங்கேயே சில மாதம் இருந்த மணியாகப் பார்த்து வாங்கு.

மூன்றாவது உருத்திராட்சம். முகக்கோடு, அதாவது மணியின் முகங்களைப் பிரிக்கும் பள்ளம், ஒரு துளையில் தொடங்கி மறுதுளை வரை அறுபடாமல் ஓட வேண்டும். நடுவில் நின்றுபோனால் கத்தியால் கீறிய கோடாக இருக்கலாம். தண்ணீரில் மூழ்கினால்தான் அசல் என்று யாராவது சொன்னால் நம்பாதே. நன்கு காய்ந்த அசல் மணியும் மிதக்கும், உள்ளே கனம் சேர்த்த போலியும் மூழ்கும். ஐந்து முகம்தான் அதிகம் கிடைப்பது, விலையும் குறைவு. அபூர்வ முகம் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் விட்டுவிடு.

இனி என் விருப்பத்தைச் சொல்கிறேன். சாகா விதையை எடுத்துக்கொள். மலாய்க்காரர்கள் சாகா என்பதைத்தான் நாம் மஞ்சாடி என்கிறோம், ஆனைக்குன்றிமணி என்றும் சொல்வோம். சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்த விதை அது. அதே விதையை நம் பத்தர்கள், அதாவது நகை செய்பவர்கள், தங்கம் நிறுக்க வைத்திருந்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. ஏறத்தாழ நான்கு விதை ஒரு கிராம், முப்பத்திரண்டு விதை ஒரு பவுன் எடை. "குந்துமணித் தங்கம்கூட இல்லை" என்று சொல்வதெல்லாம் இந்த நிறுவையில் வந்ததுதான். தங்கம் வேண்டாம் என்று சொல்லும் உனக்குத் தங்கத்தை எடைபோட்ட விதை பொருந்தும். சாயம் வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், அந்தச் சிவப்பு பல வருடம் அப்படியே நிற்கும்.

ஆனால் குன்றிமணியை மட்டும் கழுத்தில் போடாதே. முட்டை வடிவில், ஒரு முனை கறுத்து இருப்பது அது. அதற்குள் கடும் விஷம் உண்டு. முழு ஓடு இருக்கும்வரை பெரும்பாலும் விஷம் வெளியே வராது, துளை போட்டால் ஓடு திறந்துவிடும். சாகா முழுச் சிவப்பு, கரும்புள்ளி இருக்காது, தட்டையாக, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். யார் விற்றாலும் இந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழந்தைகள் வந்துபோகும் வீடு என்றால் இன்னும் கவனம்.

விதையைப் பூங்காவிலோ இயற்கைக் காப்பகத்திலோ அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. சொந்த வளவில் மரம் வைத்திருப்பவர்களிடம் கேட்டு வாங்கி வைக்கிறேன். உன் கழுத்துக்கு 45 சென்டிமீட்டர் மாலை என்று வைத்துக்கொள். கொக்கிக்கும் முனைகளுக்கும் இரண்டு சென்டிமீட்டர் போக, விதைக்கு 8, முடிச்சுக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 48 விதை வேண்டும். எடை 12 கிராம், ஒன்றரைப் பவுன். நான் 60 எடுத்து வைப்பேன், துளைக்கும்போது சில போகும்.

முதலில் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மிதப்பவற்றைப் பூச்சி குடைந்திருக்கும், ஒதுக்கிவிட வேண்டும். மற்றதை உடனே துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். சிலர் துளைக்க எளிது என்று கொதிநீரில் ஊறப்போடுகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. விதை உப்பி, காயும்போது ஓடு சுருங்கி வெடிக்கும். உலர்ந்த விதையை மரக்கட்டையில் குழி செய்து பதித்து, 1 மில்லிமீட்டர் டிரில் பிட் போட்டு, மெதுவான வேகத்தில் துளைக்க வேண்டும். விதையின் முகம் முன்னால் தெரிய வேண்டுமானால் விளிம்பு வழியாகத்தான் துளை போகும். அது இரண்டு பருப்பும் சேரும் கோடு, அழுத்தினால் விதை இரண்டாகப் பிளக்கும். பாதி ஒரு பக்கம், மீதி மறுபக்கம் என்று நடுவில் சந்திக்க விட வேண்டும். தூள் மூக்கில் போகாமல் முகக்கவசம் போட வேண்டும்.

கோர்க்க 0.5 மில்லிமீட்டர் நைலான் நூல், மெழுகு தடவியது, மாலை நீளத்தைப் போல நான்கு மடங்கு. எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம், வேர்வையில் நைந்து ஒருநாள் சட்டென்று அறும். மாலை போட்டுக்கொண்டு குளிக்காதே. துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் விதை உப்பும். காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நடுவில் தொங்க விட, பாட்டியின் ஒற்றைத் தோடு திருகாணி இல்லாமல் பெட்டியில் கிடக்கிறது. பத்தரிடம் கொடுத்துப் பின்பக்கம் வளையம் வைக்கலாம். அதில் கல் இருப்பதால் லேசர் வெல்டு செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், சாதாரணப் பற்றவைப்பில் சூடு கல்லைக் கெடுக்கலாம். இந்த வேலை முடிந்த பிறகுதான் கோர்க்க வேண்டும். தோட்டின் இருபுறமும் இரண்டிரண்டு முத்து வைத்தால் போதும். தோள்பட்டையில் படாத இடம் என்பதால் அவை அவ்வளவு தேயாது.

பழைய தந்த வளையல் மலிவாகக் கிடைத்தது என்று யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதே. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்த விற்பனைக்குத் தடை இருக்கிறது.

மாலையை நீ இங்கு வரும்போது கையில்தான் தருவேன். பெர்த்தில் இறங்கும்போது படிவத்தில் விதை இருக்கிறது என்று எழுது. அதிகாரிகள் சோதித்துப் பார்ப்பார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடும். மறைத்தால் அபராதம். அதனால் தோட்டைக் கொக்கி வைத்துத் தனியாகக் கழற்றும்படி செய்யச் சொல்கிறேன், விதை போனாலும் தோடு உன்னிடம் இருக்கும்.

ஒரு நூலைக் கழுத்தில் சுற்றி, மாலை எங்கே விழ வேண்டுமோ அங்கே பிடித்து, அதை அளவுகோலில் வைத்து நீளத்தை எழுதி அனுப்பு. கண்ணாடி முன் நின்று, நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு அள. கழுத்து வெட்டு எவ்வளவு இறக்கம் என்று தெரியாமல் நான் முடிச்சுப் போட முடியாது.

அன்புடன்,
அம்மா