ஓட்டம் நின்றால் ஊதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டனில் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1963-இல் இதற்கு உரிமம் வாங்கத் தேவையில்லை என்று ஆன கதையையெல்லாம் விரிவாக எழுதிய கட்டுரையாளர், காய்ச்சிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றைக் கெட்டிலிலிருந்து, அதாவது காய்ச்சும் பாத்திரத்திலிருந்து, ஈஸ்ட் போட்டு நொதிக்கவைக்கும் நொதிகலனுக்கு மாற்றும் வேலையை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓட்டம் நின்றால் வண்டல் அடைத்திருக்கும், குழாயை வாயால் ஊதிவிட்டால் சரியாகிவிடுமாம். புதிதாக இறங்குபவர்கள் இதை நம்பினால் 23 லிட்டரும் சாக்கடைக்குத்தான் போகும்.

கொதித்து முடித்த பிறகு அந்தச் சாற்றில் கிருமியைக் கொல்ல வேறு எதுவும் நடக்கப்போவதில்லை. ஆறிய இனிப்புச் சாறு, ஈஸ்ட்டும் இன்னும் போடவில்லை. முதலில் வருபவருக்கு விருந்து. நம் வாயிலோ புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா தாராளமாக இருக்கிறது. ஊதுவதும் கூடாது, உறிஞ்சுவதும் கூடாது.

அதைவிட முக்கியமானது, ஓட்டம் நின்றதற்குக் காரணம் வண்டல்தானா என்பது. பாதி நேரம் குற்றவாளி காற்று. குழாய் கண்ணாடிபோல் தெரிவதாக இருந்தால் பார்த்தே சொல்லிவிடலாம். சாறு குழாய் நிறைய நின்றுகொண்டு சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. வளைவின் உச்சியில் குமிழ் சேர்ந்து சாற்றின் தொடர் அறுந்திருந்தால் காற்று. அங்கே போய் வடிகட்டியைச் சுரண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இணைப்புகளில் கிளிப் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கெட்டில் மேசையிலும் நொதிகலன் தரையிலும் இருக்கட்டும். உயர வித்தியாசம் இல்லாமல் சைஃபன், அதாவது சாற்றை மேலிருந்து கீழே தானாக இறக்கும் வளைகுழாய், இழுக்காது.

எந்தக் கசிவும் இல்லாமலே குமிழ் வருவதும் உண்டு. அடுப்பை அணைத்த கையோடு சைஃபன் போடுபவர்களுக்கு இது வழக்கமான தலைவலி. வளைவின் உச்சியில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். கெட்டிலில் அமைதியாக நிற்கும் சாறு குழாய்க்குள் கொதித்து ஆவியாகி ஓட்டத்தை அறுத்துவிடுகிறது. செப்புக் குழாய்ச் சுருளைச் சாற்றுக்குள் விட்டு அந்தக் குழாய்க்குள் குளிர்ந்த நீர் ஓட்டி 20 டிகிரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தானே போய்விடும். சூடான சாற்றைக் கண்ணாடிக் கலனில் ஊற்றி அது வெடித்துச் சிதறும் ஆபத்தும் இல்லை.

பம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஊரில் கிணற்று மோட்டார் காற்றுப் பிடித்தால் தண்ணீர் ஊற்றி ஓட்டுவோமே, அதேபோல் இந்தச் சின்ன காந்தப் பம்ப்புக்கும் காற்றை இழுக்கத் தெரியாது. கெட்டிலுக்குக் கீழே வைத்து, சாறு தானாக நிறைந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வேகத்தைக் குறைக்க வெளிவாய் வால்வை மூடலாம். உள்வாயை ஒருபோதும் நெரிக்கக் கூடாது.

உண்மையிலேயே அடைப்பு என்றால், பெரும்பாலும் காரணம் பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ. முழு ஹாப்ஸ் பூக்கள் அடியில் படிந்து தாமே வடிகட்டியாகிவிடும். வில்லையாக அழுத்தி விற்பது கரைந்து சேறாகி, நெருக்கமான கம்பி வலையை ஒரேயடியாக மூடிவிடும். வலையை மேலும் நெருக்கமாக வாங்கினால் நிலைமை மோசமாகுமே தவிரச் சீராகாது. ஆறிய சாற்றைக் கரண்டியால் ஒரே திசையில் வேகமாகச் சுழற்றிவிட்டு, மூடி 15, 20 நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். வண்டல் நடுவில் குவியும், ஓரத்திலிருந்து எடுக்கலாம். கடைசி ஒன்றிரண்டு லிட்டருக்கு ஆசைப்படுபவர்கள்தான் பெரும்பாலும் குழாயை அடைத்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் வண்டல் நொதிகலனுக்குள் போனாலும் பியர் கெட்டுப்போவதில்லை. அதற்காகப் பதறி நடுவில் எதையாவது கழற்றினால்தான் கெடும்.

சாறு சலசலக்காமல் இறங்க வேண்டும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அது நொதித்து முடிந்த பியரைப் போத்தலுக்கு மாற்றும்போது. ஆறிய சாறு நொதிகலனுக்குள் நுரைக்க நுரைக்க விழலாம். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும்.

குழாயை வாயால் ஊதச் சொன்ன வரிக்காவது அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், லெஸ்டர்