உயரத்தை மட்டும் பார்த்து தொலைநோக்கிக்கு இடம் குறிக்காதீர்கள்

விஞ்ஞானத் துறையைப் பார்க்கும் அமைச்சு அதிகாரிகளுக்கு,

வெலிமடைப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் எழுதுகிறேன். மலையகத்தில் ஓர் ஆராய்ச்சித் தொலைநோக்கி வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், பிதுருதலாகலை இருக்கிறதே, 2524 மீற்றர், இலங்கையிலேயே உயரம், அங்கே வைத்தால் சரி என்கிறார்கள். சரியில்லை ஐயா. முகில் வந்து உட்காரும் உயரத்திலேயே கொண்டுபோய் வைத்தால் ஆண்டில் பாதி நாள் தொலைநோக்கிக்கு மேலுள்ள குவிமாடத்தைத் திறக்கவே முடியாது. தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் காவலூர் சுமார் 700 மீற்றர்தான், அங்கே 1986 முதல் 2.3 மீற்றர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி இருக்கிறது.

நம்மிடம் இருப்பது 1996இல் ஜப்பான் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி. அது நிற்பது மொறட்டுவையில், கொழும்பு வெளிச்சத்துக்குப் பக்கத்தில். அந்தக் கண்ணாடியால் கணக்குப்படி 0.3 வில்செக்கன் வரை பிரித்துப் பார்க்கலாம் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்குதான் வில்செக்கன்), ஆனால் மேலே கொந்தளிக்கும் காற்று விண்மீனை ஒன்றிரண்டு வில்செக்கனுக்குக் கலக்கிவிடும். ஆகவே கண்ணாடியைப் பெரிதாக்குவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள்.

இங்கே காற்றுதான் சிக்கல். தென்மேல் பருவத்தில் நுவரெலியா நனையும்போது எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், வானமும் பல இரவுகள் திறந்திருக்கும். ஆனால் முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று சுழன்றடிப்பதால் விண்மீன்கள் ஆடிக்கொண்டேயிருக்கும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் தேயிலைக் கொழுந்து உறைபனியில் கருகுமே, தோட்டத்து ஆட்கள் தலையில் கைவைக்கும் அந்த இரவுகள்தான் முகிலும் காற்றும் இல்லாத நல்ல இரவுகள். அதே மாதங்களில் பதுளையில் மழையாகவும் இருக்கலாம். ஹப்புத்தளை முகட்டில் தெற்கு வானம் அடிவரை திறந்தே இருக்கிறது, 14 பாகைக்கு மேல் ஏறாத பெரிய மகெல்லன் முகிலைக்கூட (பெயர்தான் முகில், அது நமக்குப் பக்கத்து விண்மீன் மண்டலம்) பிடிக்கலாம், ஆனால் பின்னேரமானால் கீழேயிருந்து மூடுபனி ஏறிவிடும்.

தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் தாங்கி விஷயமும் உண்டு. பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்க்கும் பழைய வகை இங்கே 7 பாகையில் ஏறக்குறைய படுத்தே கிடக்கும், அதை நேர்ப்படுத்த உதவும் துருவ விண்மீனும் பாதி இடங்களில் மலைக்குப் பின்னால் போய்விடும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் திரும்பும், கணினியால் ஓடும் தாங்கியையே கேளுங்கள். அப்புறம் ஈரப்பதம் 90 வீதத்தைத் தொட்டால் தானாக மூடிக்கொள்ளும் குவிமாடமும் வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் அலுமினியப் பூச்சு சீக்கிரமே கெட்டுவிடும்.

தாய்லாந்தில் டோய் இந்தனோன் மலையில், சுமார் 2450 மீற்றரில், 2.4 மீற்றர் தொலைநோக்கியை மழைக்காலத்தில் மூடிவைத்து உலர் மாதங்களில் ஓட்டுகிறார்கள். நமக்கும் அது ஒத்துவரும், எந்த மலையில் எந்த மாதம் உலர்ந்திருக்கிறது என்று தெரிந்தால். ஆகவே கட்டடத்துக்குக் காசு ஒதுக்குவதற்கு முன் மூன்று நான்கு முகடுகளில் ஓராண்டு முழுக்க முகில், ஈரப்பதம், காற்று, வான் வெளிச்சம், விண்மீன் ஆட்டம் எல்லாவற்றையும் அளக்க ஏற்பாடு செய்யுங்கள், அளந்ததை எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். ராத்திரியில் கருவிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையென்றால் எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஜம்பர் மட்டும் கொஞ்சம் தடிப்பாக வாங்கிக் கொடுங்கள்.