நடுவில் வெட்டாத புல்வெட்டி: மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கோரும் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
தோட்டக் கருவிகள் பிரிவு.

பொருள்: கையால் தள்ளும் 12 அங்குலப் புல்வெட்டியில் உள்ள குறைபாடும், வாங்கும் முன் தரப்பட்ட தவறான தகவலும்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த மாதம் 9-ஆம் தேதி உங்கள் நிறுவனத்தின் உருளைப் புல்வெட்டியை 5,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில் நகலையும் நான் எடுத்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு முறை தொலைபேசியில் சொல்லியும் ஒருமுறை வீடியோ அனுப்பியும் தீர்வு கிடைக்காததால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முன்புறம் 25 அடிக்கு 16 அடி புல்தரை இருக்கிறது. கொரியன் புல். என் அப்பாவுக்கு 82 வயது. காலையில் இரண்டு மணி நேரம் அங்கே நாற்காலி போட்டு உட்காருவார். காதில் கருவி வைத்திருக்கிறார். அது எல்லாச் சத்தத்தையும் கூட்டித்தான் தரும். புல் வெட்டுகிறவர் பெட்ரோல் இயந்திரத்தோடு வரும் நாட்களில் கருவியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். அவருக்காகத்தான் சத்தமில்லாத, கையால் தள்ளும் வண்டியைத் தேடினேன். வேறொரு காரணமும் உண்டு. விசிறி மாதிரி சுழலும் பிளேடு, முனை மழுங்கினால் புல்லை அடித்துக் கிழிக்கும். நுனி பழுத்துப் பழுப்பாகிவிடும். உருளை வண்டியில் சுழலும் உருளையின் பிளேடுகள், கீழே அசையாமல் இருக்கும் அடிப்பிளேடோடு சேர்ந்து கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும். 400 சதுர அடிக்கு இதுவே போதும் என்று யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

வாங்கும் முன் உங்கள் உதவி எண்ணில் இரண்டே கேள்விகள் கேட்டேன். கொரியன் புல்லுக்கு இது ஆகுமா? எவ்வளவு தாழ்வாக வெட்டும்? "எல்லாப் புல்லுக்கும் ஆகும் மேடம், 15 மில்லிமீட்டர் வரை இறங்கும்" என்று பதில் வந்தது. பெட்டியிலும் 15 முதல் 45 என்றே அச்சிட்டிருக்கிறீர்கள். கொரியன் புல் மெத்தை மாதிரி நெருக்கமாக, முரட்டுத்தனமாக வளரும். உயரமாக விட்டால் மேடு மேடாக எழும்பி, அடியில் காய்ந்துபோகும். அதைத் தாழ்வாகத்தான் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் அந்த எண் எனக்கு முக்கியமாக இருந்தது.

வண்டியை வீட்டு டைல்ஸ் தரையில் நிறுத்தி, கடைசி நிலைக்கு இறக்கி, ஸ்கேலால் அளந்தேன். தரையிலிருந்து அடிப்பிளேடின் விளிம்பு வரை 28 மில்லிமீட்டர் இருந்தது. இரண்டு பக்கமும் அளந்து, படமும் எடுத்தேன்.

இதைவிடப் பெரிய குறை வெட்டும்போது தெரிந்தது. ஒரு நடை தள்ளினால் இரண்டு ஓரமும் நறுக்கப்படுகிறது. நடுவில் நாலு விரல் அகலத்துக்குப் புல் அப்படியே நிற்கிறது. அடுத்த நடையை அதன் மேலேயே போட்டாலும் கொஞ்சம் மடங்குகிறதே தவிர வெட்டுப்படவில்லை. சரி, நமக்குத்தான் சரிசெய்யத் தெரியவில்லையோ என்று கையேட்டைப் பார்த்துக் காகிதச் சோதனை செய்தேன். செய்தித்தாளைக் கீற்றாகக் கிழித்து உருளைக்கும் அடிப்பிளேடுக்கும் நடுவே வைத்து, உருளையை மெதுவாகச் சுற்றினேன். இரண்டு முனையிலும் காகிதம் சுத்தமாக வெட்டுப்படுகிறது. நடுவில் வைத்தால் மடங்கி வெளியே வருகிறது. ஸ்பேனரால் இரண்டு பக்க ஸ்க்ரூவையும் கால் சுற்று இறுக்கினேன். முனைகளில் இரும்போடு இரும்பு உரசி உருளை இறுகியது. நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. அடிப்பிளேடு நேராக இல்லை, நடுவில் வளைந்திருக்கிறது என்பதே இதற்கு அர்த்தம். எத்தனை முறை ஸ்க்ரூவைத் திருகினாலும் அந்த வளைவு போகாது.

இந்த வண்டியின் உயிரே அந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் இருக்கிறது. 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர், துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் பிசிறை நறுக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் முதல் புல்வெட்டியைச் செய்தார். அன்றிலிருந்து இன்றுவரை தத்துவம் அதேதான். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. விளிம்புகள் சேராவிட்டால் கையில் இருப்பது சக்கரம் வைத்த இரும்புதான்.

உங்கள் சேவைப் பிரிவிலிருந்து வந்த பதில் என்னை மிகவும் வருத்தியது. "புல் அதிகம் வளர்ந்து ஈரமாக இருந்திருக்கும், இது பயன்பாட்டுக் கோளாறு" என்றார்கள். அன்று புல் இரண்டு அங்குலம்கூட இல்லை. மழை பெய்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. வெட்டியது காலை 10 மணிக்கு மேல், பனி காய்ந்த பிறகு. குச்சி, கல் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் தள்ளினேன். காகிதச் சோதனை வீடியோவை அனுப்பினேன். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. எதைத் தீர்த்தீர்கள்? யாரும் வண்டியை வந்து பார்க்கக்கூட இல்லை.

எனவே நேரான அடிப்பிளேடுள்ள, பெட்டியில் போட்டபடி 15 மில்லிமீட்டர் இறங்கும் வண்டியை மாற்றித் தாருங்கள். அப்படி ஒன்று உங்களிடம் இல்லையென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். அடிப்பிளேடை மட்டும் கூரியரில் அனுப்புகிறோம் என்றால் ஏற்க மாட்டேன். உயரக் குறை அதனால் தீராது. அப்புறம், பெட்டியில் உள்ள அளவைத் திருத்துங்கள். எந்தப் புல்லுக்கு இது ஒத்துவரும், எதற்கு வராது என்பதையும் அச்சிடுங்கள். அருகம்புல் வகைத் தரைக்கு ஒரு வேளை இதே உயரம் போதுமாக இருக்கலாம். கொரியன் புல் வைத்திருப்பவர்கள் என்னைப் போல நம்பி ஏமாறக் கூடாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அந்த நிலை வர வேண்டாம் என்றே விரும்புகிறேன்.

வண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல ஆள் அனுப்புவதாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள். வருகிறவர் முன்னால் காகிதச் சோதனையை இன்னொரு முறை செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், உயர அளவுப் படங்கள் 2, வெட்டிய தரையின் படம் 1.