ஜான் ப்ரைனுக்காக கராஜ்ல கூடின எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் 10, அமெரிக்காவோட பாட்டு எழுதிப் பாடுறவர் ஜான் ப்ரைன் பொறந்தநாளுக்கு எங்க வீட்டு கராஜ்ல வச்ச பாட்டுக் கூட்டத்துக்கு வந்தவங்க, வர முடியாம சாப்பாடு மட்டும் குடுத்து விட்டவங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா போன் பண்ணணும்னுதான் இருந்தேன், யாரையாவது விட்டுட்டா மனசு கேக்காது, அதான் பொதுவா எழுதுறேன்.

மொதல்ல ஸ்பீக்கர் குடுத்த அண்ணனுக்கு. பேசி வச்சிருந்த ஹால் ரெண்டு நாள் முன்னாடி இல்லன்னு ஆயிடுச்சு, சரி விட்டுடலாம்னு நான் உக்காந்துட்டேன், "காரை வெளிய எடு, கராஜ்லயே வச்சுக்கலாம்"னு சொன்னது நீங்கதான். மடக்கு சேரெல்லாம் கொண்டு வந்து பெருக்கி விட்டதும் நீங்களும் அண்ணியும்தான். மறக்க மாட்டேன்.

எதிர்வீட்டு தாத்தாவுக்கு தமிழ் தெரியாது, நேர்ல போய் சொல்லிட்டேன், இருந்தாலும் இங்கயும் எழுதணும். வேலைல இருந்தப்ப அவரும் இதே சிகாகோ பக்கம் தபால்காரர். ப்ரைன் 1946ல நம்ம பக்கத்து ஊர் மேவுட்ல பொறந்தவர், தபால் குடுத்துக்கிட்டே மனசுக்குள்ள பாட்டு கட்டினவர். தெருமுனைல ஒரு இரும்புப் பெட்டி நிக்கும், ஒரே தடவைல எல்லா தபாலையும் தூக்க முடியாதுன்னு மிச்சத்தை வேன்ல கொண்டாந்து அதுல போட்டு வைப்பாங்க. குளிர்காத்து தாங்காம ப்ரைன் அந்தப் பெட்டிக்குள்ள போய் உக்காந்து சாண்ட்விச் சாப்பிடுவாராம். நான் இதைச் சொன்னதும் தாத்தா எழுந்து நின்னு அந்தப் பெட்டி எவ்வளவு உயரம், உள்ள எப்படி முழங்காலை மடக்கணும்னு செஞ்சே காட்டினாரே, அன்னிக்கு எனக்கு அதுவே போதும்.

நம்ம கூட்டம் மாதிரியே அவர் வாழ்க்கையும் நாலு பேர் கை குடுத்துதான் ஓடிச்சு. 1970ல சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் தற்செயலா அவர் பாட்டைக் கேட்டுட்டு, படத்துக்கு விமர்சனம் எழுதாம இவரைப் பத்தி பேப்பர்ல எழுதினார். அடுத்த வருஷம் ஃப்ரெண்டும் பாடகருமான ஸ்டீவ் குட்மேன், தனக்குக் கெடைச்ச சான்ஸை தான் மட்டும் வச்சுக்காம, பேர் வாங்கின பாடகர் கிறிஸ் கிறிஸ்டோஃபர்சனை ராத்திரி ப்ரைன் பாடுற கிளப்புக்கு இழுத்துட்டு வந்து, சேரெல்லாம் டேபிள் மேல கவுத்துப் போட்டப்புறம் இவரைப் பாட வச்சார். எனக்கு குட்மேன் மேல தனி மரியாதையே உண்டு. பின்னாடி ப்ரைன் சொந்தமா ஓ பாய் ரெக்கார்ட்ஸ்னு பாட்டுக் கம்பெனி ஆரம்பிச்சப்ப, பாட்டு ரெக்கார்டு ஆகுறதுக்கு முன்னாடியே ரசிகர்கள் தபால்ல செக் அனுப்பியிருக்காங்க.

குடும்பம்னா அவருக்கு உசுரு. ஐம்பதை நெருங்குறப்பதான் அப்பா ஆனார், மனைவி ஃபியோனாவோட முதல் பையனையும் சட்டப்படி தத்தெடுத்து மூணு பிள்ளைங்க. சின்னவங்க ரெண்டு பேரும் கைக்குழந்தை தாண்டி கொஞ்ச நாள்ல, 1998ல, கழுத்துல கேன்சர். ஆபரேஷன், ரேடியேஷன், குரலே கீழ இறங்கிடுச்சு, ஆனா அவர் விடல. 2013ல நுரையீரல்ல வந்துச்சு, அதையும் தாண்டி வந்தார். கடைசில பாதி எழுதின பாட்டு பேப்பரை எல்லாம் பெட்டி பெட்டியா கட்டிக் குடுத்து நாஷ்வில்ல ஒரு ஹோட்டல் ரூம்ல உக்கார வச்சு எழுதி முடிக்க வச்சது ஃபியோனாதான். 2018ல வந்த அந்த ஆல்பம் அமெரிக்காவோட பில்போர்டு ஆல்பம் லிஸ்ட்ல அஞ்சாவது இடம், அவர் வாழ்க்கையிலயே அதான் பெருசு. 2020 ஏப்ரல் 7 கொரோனால போயிட்டார்.

"ஹலோ இன் தேர்" பாட்டை அங்கயே தமிழ்ல சொல்லிக் காட்டின அக்காவுக்கு ரொம்ப நன்றி. வயசானவங்க தனிமையைப் பத்தின பாட்டு, இருபத்தி சொச்சம் வயசுல எழுதியிருக்கார். நீங்க சொல்ல சொல்ல எங்க அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

கிடார் வாசிச்ச தம்பிக்கும், "பாரடைஸ்" பாடினப்ப லைட்டை அணைச்ச அக்கா பையனுக்கும் ஸ்பெஷல் நன்றி. பாரடைஸ்ங்கிறது கென்டக்கில ஒரு ஊர், ப்ரைனோட அப்பா அம்மா அந்தப் பக்கத்துக்காரங்க, அந்த ஊர் நிலக்கரியாலயும் அனல்மின் நிலையத்தாலயும் இல்லாமயே போச்சு. அப்பாவுக்காகத்தான் எழுதினார். ஆல்பம் வெளிவர்றதுக்கு முன்னாடியே டேப்பை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டுக் காட்ட, இந்தப் பாட்டு வந்ததும் அப்பா எழுந்து பக்கத்து ரூம்ல இருட்டுல போய் உக்காந்துட்டாராம், கடைல காசு போட்டா பாடுற ஜூக்பாக்ஸ் பெட்டில பாடுற மாதிரி கேக்கணும்னு. ஆல்பம் கடைக்கு வர்றப்ப அப்பா உயிரோட இல்ல. தன் சாம்பலை கிரீன் ரிவர்ல விடணும்னு அந்தப் பாட்டுலயே கேட்டிருந்தார் ப்ரைன், குடும்பத்துல அதை மறக்கல, பாதியை அங்க விட்டாங்க.

கண்ணா, நான் இந்தக் கதையைச் சொல்லி முடிச்சதும் யாரும் சொல்லாம நீயா ஓடிப்போய் ஸ்விட்சை அணைச்சியே. அந்த மூணு நிமிஷம் இருட்டுல ஒருத்தரும் போனைக்கூட எடுக்கல.